பால் சர்க்கரை என்று எழுதி ஒட்டிய பொட்டலத்தை நம்பி பாட்டில் அடைக்காதீர்கள்

புதுச்சேரியில் வீட்டிலேயே ஜிஞ்சர் பீர் (இஞ்சியும் சர்க்கரையும் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைத்த நுரைப் பானம்) போடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. நேரு வீதிப் பக்கம் பேக்கரிச் சாமான் விற்கும் ஒரு கடையில், ‘லாக்டோஸ்’, அதாவது பால் சர்க்கரை, என்று பேனாவால் எழுதி ஒட்டிய அரை கிலோ பொட்டலம் கிடைக்கிறது. வாங்காதீர்கள். அதில் இருப்பது லாக்டோஸ் இல்லை.

அதைச் சேர்த்து அடைத்த பாட்டில்களில் ஒன்று ராத்திரி வெடித்தது. அலமாரிக் கதவைத் தாண்டிப் பறந்த கண்ணாடிச் சில்லு எதிர்ச்சுவர் காலண்டரைக் கிழித்திருந்தது. விடிந்தபின் வெடித்திருந்தால் அம்மா அந்த இடத்தில்தான் காபி போட்டுக்கொண்டிருப்பார்.

காரணம் எளிது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கேஸ் விடும், ஆனால் சாதாரண ஈஸ்ட்டால் லாக்டோஸை உடைக்க முடியாது. அதனால்தான் நொதித்து முடிந்த பிறகும் இனிப்பு மிஞ்சட்டும் என்று அதைப் போடுகிறோம். லிட்டருக்கு எட்டு கிராம் சர்க்கரை காற்றுக்கு, நாற்பது கிராம் லாக்டோஸ் இனிப்புக்கு, இதுதான் என் கணக்கு. அந்த நாற்பதும் நொதிக்கிற சர்க்கரையாக இருந்தால் உள்ளே ஆறு மடங்கு கேஸ் சேரும். எந்தக் கண்ணாடி தாங்கும்?

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “பால்ல இருக்கிறதும் குளுக்கோஸ்தான் சார், ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். குளுக்கோஸும் கேலக்டோஸும் பிணைந்ததுதான் லாக்டோஸ், உண்மை. ஆனால் அந்தப் பிணைப்பைத்தான் ஈஸ்ட்டால் வெட்ட முடியாது. பில்லும் தரவில்லை, பணமும் தரவில்லை.

எந்தப் பொடியாக இருந்தாலும் முதலில் சோதியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் பொடி, கொஞ்சம் பேக்கரி ஈஸ்ட். பக்கத்திலேயே சர்க்கரை போட்ட டம்ளர் ஒன்றும் வையுங்கள். அரை மணியில் சர்க்கரை டம்ளர் நுரைக்கும். லாக்டோஸ் சும்மா இருக்கும். என் பொட்டலம் சர்க்கரையோடு போட்டி போட்டு நுரைத்தது. நாக்கில் வைத்தாலும் தெரியும்: லாக்டோஸுக்குச் சர்க்கரையில் ஐந்தாறில் ஒரு பங்கு இனிப்புதான்.

ஹோமியோபதி மருந்துக் கடைகளில் ‘சுகர் ஆஃப் மில்க்’ என்று கேளுங்கள், கம்பெனி சீலோடு கிடைக்கும். உருண்டைகளை வாங்க வேண்டாம், அவை பெரும்பாலும் கரும்புச் சர்க்கரை.

நான் இப்போது பனீர் வடித்த தண்ணீரில் இருந்து எடுக்கிறேன். எலுமிச்சை பிழிந்து திரித்த பால்தான் வேண்டும். தயிர் வடித்த நீர் வேண்டாம், அதில் லாக்டோஸில் ஒரு பகுதி ஏற்கனவே புளிப்பாக மாறியிருக்கும். அந்தத் தண்ணீரை மறுபடி கொதிக்கவிட்டால் மிச்சப் புரதம் திரிந்து மேலே வரும், துணியில் வடித்துவிட்டுச் சிறு தீயில் தேன் பதத்துக்குச் சுண்ட வையுங்கள். தீ கூடினால் பழுப்பாகிவிடும். பிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் மணல் போல் படிகம் இறங்கும். வடித்து, ஐஸ் தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்துக் கழுவிக் காய வையுங்கள். லிட்டர் பாலில் 45 கிராமுக்கு மேல் இருக்கிறது, கைக்கு வருவது பாதிதான். லேசான உப்பும் ஒட்டியிருக்கும். ஆனாலும் என்ன போடுகிறோம் என்று தெரிகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே பொட்டலத்தைச் சேர்த்து ஏற்கனவே பாட்டில் அடைத்தவர்கள் முகத்தை மறைத்து, தடித்த துணி சுற்றித் தூக்கி பிரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு துணியை எடுக்காமலே மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றை விடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.