வேலிக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று: படரும் கற்றாழைகள் ஓர் ஒப்பீடு

சோற்றுக்கற்றாழை வளர்த்துப் பழகியவர்கள் படரும் அழகுக் கற்றாழையும் தொட்டி நடுவில் நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிற்காது, தண்டு சாயும். சாய்ந்தபின் அது எங்கே போகும் என்பதைப் பார்த்துத்தான் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலியோ கம்பிவலையோ இருந்தால் அலோ சிலியாரிஸ். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் புதர்க்காட்டுச் செடி இது. தண்டு சுண்டுவிரல் பருமன்தான், ஆனால் 5 மீட்டர்கூட ஏறிவிடும். பற்றுக்கம்பி கிடையாது; பின்னோக்கி வளைந்த மடல்களே கொக்கியாகிப் பக்கத்துக் கிளையில் மாட்டிக்கொள்ளும். மடல் தண்டைத் தழுவும் இடத்தில் வெள்ளை மயிர்கள் இமைபோல வரிசையாக நிற்கும். பெயரே அதனால் வந்ததுதான். (2013-ல் இதை அலோயம்பெலோஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்சரிகளில் பழைய பெயர்தான் ஓடுகிறது.)

கல் நிறைந்த சரிவு, கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு என்றால் அலோ பெர்ஃபோலியேட்டா. மேற்குக் கேப் மலைப்பாறைகளில் வளர்வது. தடித்த தண்டு 2 மீட்டர்வரை தரையோடு ஊர்ந்து, நுனி மட்டும் தலைதூக்கும். நீலம் கலந்த பச்சை மடல், தடித்த பல், உருண்டைக் கொத்தாகச் சிவந்த பூ. அழகில் என் ஓட்டு இதற்குத்தான். பொறுமையில்லாதவர்களுக்கு ஆகாது, மெதுவாகத்தான் வளரும். நுனியில் மட்டும் மடல் தங்கி, பின்தண்டு காய்ந்த சருகோடு கிடப்பது இதன் இயல்பு. நோய் என்று நினைத்து உரம் கொட்டாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் இரண்டும் பெரிதாகப் பிரிகின்றன. சிலியாரிஸ் அரைநிழலையும் அடிக்கடி பெய்யும் மழையையும் சமாளிக்கும். நிழல் கூடினால் கணு இடைவெளி நீண்டு பூ குறையும், அவ்வளவுதான். பெர்ஃபோலியேட்டாவுக்கு முழு வெயில் வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து மண்ணில் தங்கினால் அடித்தண்டு அழுகும். மேலே மடல் திடமாக இருக்கும்போதே கீழே தண்டு பழுப்பேறி, அழுத்தினால் அமுங்கும். அப்போது தண்ணீரை நிறுத்திப் பயனில்லை. வெட்டுமுகம் கறையில்லாமல் வெளுப்பாகத் தெரியும்வரை மேலே மேலே வெட்டி, நுனியை மறுபடி நட வேண்டியதுதான்.

நடும் முறை இரண்டுக்கும் ஒன்றே. 15 முதல் 20 செ.மீ. நுனித்துண்டை வெட்டி, கீழ் மடல்களைக் கழற்றி, நிழலில் காயவிடுங்கள். சிலியாரிஸுக்கு 4, 5 நாள் போதும். தடித்த பெர்ஃபோலியேட்டாவுக்கு 10 நாளாவது வேண்டும். தோட்டமண் 1 பங்கு, கரடுமுரடான மணல் 1 பங்கு, பொடி ஜல்லி அரைப் பங்கு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. நட்டு ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர்.

வெட்டிவிடுவதில் சிலியாரிஸ் தாராளம். பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு நீளத்தைக் குறைத்தால் கீழ்க்கணுக்களில் புதுத் துளிர் வரும். வெட்டாமல் விட்டால் மேலே பச்சைப் புதர், கீழே வெறுங்குச்சி.

இடமே இல்லை, பால்கனித் தொட்டிதான் என்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு அலோ ஜுவென்னா என்ற குட்டிக் கற்றாழையைப் பார்க்கலாம். அரை மீட்டர்கூட எட்டாத தண்டுகள் குத்தாகப் பெருகித் தொட்டி விளிம்பில் வழியும். வெயிலில் பச்சை மடல் செம்பழுப்பாகும்.

எதை வாங்கினாலும் மடல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். பஞ்சுபோல இருந்தால் மாவுப்பூச்சி, துடைத்து வேப்பெண்ணெய் தெளித்தால் அடங்கும். மடலிலோ பூத்தண்டிலோ காலிஃபிளவர் மாதிரிப் புடைப்பு இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. அந்தச் செடியை வாங்காதீர்கள். வீட்டுச் செடியில் வந்துவிட்டால் அந்தப் பாகத்தை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். கத்தியைச் ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.