சிபிஎஸ்இ இடிஎஃப்: வல்லூர் புகைபோக்கியில் உங்களுக்கும் பங்கு

பெயரைத் தமிழில் எழுதினால் பள்ளிப் பாடத்திட்டம் போலிருக்கும். இது மத்தியப் பொதுத்துறை நிறுவனப் (சிபிஎஸ்இ) பங்குகளின் தொகுப்பு, சந்தையில் ஒரே பங்கு போல வாங்கி விற்கும் ஃபண்ட் (இடிஎஃப்); அரசு தன் பங்குகளை விற்பதற்காக 2014இல் கொண்டுவந்தது. நிர்வாகச் செலவு மிகக் குறைவு, அதில் குறையில்லை. யோசிக்க வேண்டியது உள்ளே இருக்கும் சரக்கைத்தான்: அனல்மின் நிறுவனம் என்டிபிசி, எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா, நிலக்கரி தோண்டும் கோல் இந்தியா, நெய்வேலி என்எல்சி.

எல்லாமே நிலக்கரி, எண்ணெய்தான் என்று ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. சென்னைக்கு அருகே உள்ள வல்லூர் அனல்மின் நிலையத்தைப் பாருங்கள். 1,500 மெகாவாட், என்டிபிசியும் தமிழக மின்வாரியமும் கூட்டாகக் கட்டியது. மின்சார விலையில் நிலைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் என்று இரண்டு பகுதி. நிலையம் 85% தயார்நிலையில் இருந்தால் போதும், வாரியம் மின்சாரத்தைக் குறைத்து வாங்கினாலும் நிலைக் கட்டணம் முழுதும் வந்துவிடும்; பங்கு மூலதனத்துக்கு 15.5% வருமானமும் அதற்குள் அடக்கம். பகலில் சூரிய மின்சாரம் பெருகி அனல் அலகு மந்தமாக ஓடினால் அடி முதலில் வாரியத்துக்கு, பிறகு நம் கரண்ட் பில்லுக்கு. பங்குதாரருக்குச் சிக்கல், சுமார் 25 ஆண்டு ஒப்பந்தம் முடிந்தபின் அந்தப் பழைய அலகின் மின்சாரத்தை யார் வாங்குவார் என்பதில்.

ஓஎன்ஜிசிக்கு இந்தக் கவசம் கிடையாது; கச்சா எண்ணெய் விலை விழுந்தால் அதன் லாபமும் விழும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சரி, விலை ஏறினால்? 2022 ஜூலையில் மத்திய அரசு உபரி லாப வரி போட்டது, 2024 டிசம்பரில்தான் எடுத்தது. இறங்கினால் நஷ்டம் நமக்கு, ஏறியபோது லாபத்தில் பங்கு அரசுக்கு.

கோல் இந்தியாவின் பெரிய வாடிக்கையாளர் அனல்மின் நிலையங்கள். அவை ஓடும் நேரம் குறைந்தால் டன் குறையும், சம்பளச் செலவு குறையாது. பிஇ விகிதம் (பங்கு விலை ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) குறைவு, டிவிடெண்ட் அதிகம் என்பதாலேயே மலிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிற்கால லாபத்தைச் சந்தை நம்பவில்லை என்றும் அதற்குப் பொருள் உண்டு.

மின்கடத்தல் நிறுவனம் பவர்கிரிட், ராணுவ மின்னணுக் கருவி செய்யும் பிஇஎல் இரண்டும் இதில் இருப்பது நல்லது. காற்றாலை மின்சாரத்துக்கும் கம்பி வேண்டுமே.

வாங்குமுன் ஃபண்ட் நிறுவனம் வெளியிடும் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் நிலக்கரி, எண்ணெய்ப் பங்குகளின் சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். நிஃப்டி 50 ஃபண்ட் ஏற்கெனவே இருந்தால் என்டிபிசி, ஓஎன்ஜிசி, கோல் இந்தியா அதிலும் உண்டு, இரட்டைச் சுமை. ஐ-நாவ் மதிப்பைப் (உள்ளே இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு) பார்த்து, விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். எங்கள் கணக்கில் பங்கு முதலீட்டில் 5% தாண்ட வேண்டாம். ஓய்வுக்காலப் பணம் இதில் வேண்டவே வேண்டாம்.

மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கும் சிபிசிஎல் இதில் இல்லை. அது வேண்டுமென்றால் தனிப்பங்காகத்தான் வாங்க வேண்டும், சுத்திகரிப்பு மார்ஜின் (கச்சா எண்ணெய்க்கும் அதிலிருந்து வரும் பொருட்களுக்கும் உள்ள விலை வித்தியாசம்) ரிஸ்க்கோடு சேர்த்து.