வீட்டிலேயே கடிகாரம் பிரிக்கும் கருவிப் பெட்டி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

விலையுயர்ந்த இயந்திரக் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே திறந்து சர்வீஸ் செய்துகொள்ளலாம் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் கருவிப் பெட்டி ஒன்றை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். திறப்பதற்கு அது ஓரளவு போதும். சர்வீஸ் செய்வதற்குப் போதாது என்பது என் முடிவு.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பந்து. கடிகாரத்தின் பின்புறம் உள்ள, அதிகம் இறுகாத திருகு மூடியின் மீது அதை அழுத்தித் திருப்பினால், ஒரு கீறலும் விழாமல் மூடி கழன்று வருகிறது. மூடியின் பள்ளங்களில் பொருத்தித் திருப்பும் மூன்று கால் சாவியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதன் கால்கள் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகும் ஆடுகின்றன. ஒரு முறை வழுக்கினாலும் மூடியில் விழும் கோடு நிரந்தரமாக நின்றுவிடும். ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் போன்ற, விளிம்பு முழுவதும் வரி வெட்டிய மூடிகளுக்கு அந்தந்த அளவில் தனி அச்சு வேண்டும் என்பதால், அங்கே இந்தச் சாவியால் பயனே இல்லை.

திருப்புளிகளின் எஃகு மென்மையானது. பழகுவதற்காக நான் எடுத்துக்கொண்டது யூனிடாஸ் 6497 என்ற கடிகார உள்ளியந்திரம். பாக்கெட் கடிகாரத்துக்காகப் பிறந்ததால் 36.6 மி.மீ. அகலமும் கைக்கு அடங்கும் பெரிய திருகுகளும் கொண்டது. அதிலேயே இரண்டாவது திருகில் ஒரு நுனி முறுக்கிக்கொண்டது. 25.6 மி.மீ. மட்டுமே அகலமுள்ள ஈ.டி.ஏ. 2824-2 இயந்திரத்தில் அதே நுனி வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

கூட வந்த கையேட்டின் குறை இன்னும் பெரியது. சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் பாலங்கள் என்ற தகடுகளைக் கழற்றுவதற்கு முன், சாவி கொடுக்கும் தலையை விரலால் பிடித்தபடி, சுருள்வில் அவிழாமல் தடுக்கும் நாக்கை விலக்கி, மெயின்ஸ்பிரிங் என்ற அந்தச் சுருள்வில்லில் சேர்ந்திருக்கும் விசையை மெல்ல இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த விசை ஒரே நொடியில் அவிழ்ந்து பல்சக்கரங்களைச் சேதப்படுத்தும். இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

எண்ணெய் என்று ஒரே ஒரு குப்பி தந்திருக்கிறார்கள். வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு நீர்த்த எண்ணெய், மெதுவாகவும் அழுத்தத்தோடும் சுழலும் பகுதிகளுக்குக் கெட்டியான எண்ணெய், சாவி கொடுக்கும் பகுதிக்கு கிரீஸ் என்று இடத்துக்கு இடம் மாற வேண்டிய பொருள் இது. அளவு சற்றுக் கூடினாலும் அச்சு சுழலும் நகைக்கல்லை விட்டுப் பரவி ஓடிவிடும். பெயரும் தரமும் குறிக்கப்படாத அந்தக் குப்பியை நான் திறக்கவில்லை.

பெட்டியில் இல்லாத டைம்கிராஃபரைத் தனியே வாங்கினேன். இத்தனை கருவிகளைவிட அதுவே எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. கடிகாரத்தைத் திறக்காமலேயே, அதன் துடிப்பைக் கேட்டு, நாளொன்றுக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பின்தங்குகிறது என்பதையும், இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சையும் (ஓர் ஊசலில் அது எவ்வளவு திரும்புகிறது என்பதையும்) அது காட்டுகிறது. 2824-2 இயந்திரத்துக்கு 50 பாகை, 6497-க்கு 44 பாகை என்று தூக்குக் கோணத்தை (தள்ளுவிசை பெறும் நேரத்தில் பேலன்ஸ் சக்கரம் திரும்பும் கோணம்) மாற்றி வைத்தால்தான் வீச்சின் கணக்கு சரியாக வரும். முழுச் சாவி கொடுத்துப் படுக்க வைத்தபோது வீச்சு 270 பாகைக்கு மேல் நிலையாக நின்றது; இயந்திரம் நல்ல நிலையில் இருப்பதற்கு அது அடையாளம் என்பதால், என் நல்ல கடிகாரத்தைப் பிரிக்கும் எண்ணத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையமான கேஸ்கெட்டுக்கு மாற்றும் பெட்டியில் இல்லை. திறந்து மூடிய கடிகாரத்தை, கேஸ்கெட் மாற்றி அழுத்தச் சோதனை செய்யும்வரை தண்ணீருக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.