வாங்கிப் புதுப்பித்து விற்பதா, ஊரே வைத்துக்கொள்வதா?

ஸ்காட்லாந்தில் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற இரண்டு வழிகள் பலன் தந்திருக்கின்றன. எது மேல் என்பது கட்டடத்தைப் பொறுத்தது.

முதல் வழி, ஃபைஃப் கடலோர ஊர்களில் வேரூன்றியது. பழமையான இடங்களைக் காக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 1931இல் தொடங்கியது. மறு ஆண்டே ஃபைஃபின் குரஸ் என்ற ஊரிலுள்ள அரண்மனையை 700 பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றியது. ஆனால் ஊர் என்பது அரண்மனை மட்டுமா? மீனவர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த சின்ன வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. 1960இல் வந்தது 'லிட்டில் ஹவுசஸ்' திட்டம். பாழடைந்த வீட்டை வாங்கு, சரிசெய், விற்றுவிடு. வந்த பணத்தில் அடுத்த வீடு. விற்கும்போது பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை: அறக்கட்டளை சம்மதிக்காமல் வீட்டின் தோற்றத்தை மாற்றக் கூடாது. இன்றைக்கு குரஸிலோ கிரெய்லிலோ நடந்தால் செந்நிற ஓடு, சுண்ணாம்புப் பூச்சு, படிக்கட்டு போல ஏறி இறங்கும் சுவர் முகடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரே மூலதனத்தைச் சுழற்றி இவ்வளவு செய்தது சாதாரண விஷயமில்லை.

குறை என்னவென்றால், பத்திரம் சுவரைத்தான் காக்கிறது. யார் குடியிருப்பது என்பதைச் சந்தை முடிவு செய்கிறது. விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகள் இந்தக் கடலோரத்தில் நிறைய.

இரண்டாவது வழியில் ஊரே உரிமையாளர். ஒரு கட்டடத்தை வாங்கும் விருப்பத்தை ஊர்மக்கள் அமைப்பு முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், அப்போதைய உரிமையாளர் விற்கும்போது வாங்கும் முதல் உரிமை அதற்கே. வாக்கெடுப்பு, அமைச்சர்களின் ஒப்புதல், சந்தை விலை எல்லாம் உண்டு. 2003 நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் கிராமப்புறத்துக்கு மட்டும் இருந்த இந்த உரிமை 2016இல் நகரங்களுக்கும் வந்தது. எடின்பரோவின் போர்ட்டபெல்லோ பகுதி மக்கள் அதை வைத்து 2017இல் ஒரு பழைய தேவாலயத்தை வாங்கி, பெல்ஃபீல்டு என்ற பொதுக்கூடமாக்கினார்கள். நகர்ப்புறத்தில் இதுவே முதல் முறை. ஆனால் கூரை ஒழுகினாலும் குளிர்காலக் கட்டணம் எகிறினாலும் தலையில் விழுவது தன்னார்வலர்களுக்குத்தான். வாங்கியதோடு வேலை முடிவதில்லை.

தேவாலயம், மன்றம் போன்றவற்றுக்கு நான் தயங்காமல் இரண்டாவது வழியைச் சொல்வேன். அவற்றை உள்ளே சுவர் எழுப்பிப் பிரித்துக் குடியிருப்புகளாக விற்றால் கல் மிஞ்சும், கூடம் போய்விடும். வீடுகளுக்கு முதல் வழிதான் சரி, ஒரு சேர்க்கையோடு: மறுவிற்பனையின்போது உள்ளூர் வீட்டுவசதி அமைப்புக்கு முதல் உரிமை தரும் நிபந்தனையைக் கிராமப்புறப் பத்திரங்களில் எழுத ஸ்காட்லாந்து சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது. புதுப்பித்து விற்கும் ஒவ்வொரு வீட்டின் பத்திரத்திலும் அதையும் எழுத வேண்டும்.