தேக்குத் தோட்டத்தில் பி.டி. தெளித்துவரும் அனுபவம்

தேக்கு இலைப்புழுவுக்கு ரசாயன மருந்தை விட்டு பி.டி. என்ற பாக்டீரியா மருந்துக்கு மாறிப் பல பருவங்கள் ஆகிவிட்டன. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. ஆனால் தெளித்த மறுநாளே புழு கொத்துக்கொத்தாக விழும் என்று நினைத்து இதை வாங்காதீர்கள். விழாது.

புழு தின்றாலும் மரம் சாகாதே என்று சும்மா விடுபவர்கள் உண்டு. நிலம்பூரில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வில், இளந்தேக்கு போட்டிருக்க வேண்டிய மர வளர்ச்சியில் 44 சதவீதம் இந்தப் புழுவால் போனது தெரியவந்தது. எனக்கு அது போதும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்னும் பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகம்தான் இதில் நஞ்சு. மேலே பட்டால் ஒன்றும் ஆகாது, புழு தின்றாக வேண்டும். அதன் காரத்தன்மையுள்ள குடலில் படிகம் கரைந்து குடல் சுவரைத் துளைக்கும். சில மணி நேரத்தில் புழு மேய்வதை நிறுத்திவிடும். சாக இரண்டு முதல் ஐந்து நாள் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பலர் பதறி வேறு மருந்து அடிக்கிறார்கள். நான் செத்த புழுவைத் தேடுவதில்லை. மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்துவிடுவேன். தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போது, அதில் மிளகுப்பொடி தூவியதுபோல் புழு எச்சம் உதிர்ந்து கிடக்கும். தெளித்த மறுநாள் துணி வெளுப்பாக இருந்தால் மருந்து பிடித்துவிட்டது.

நேரம் தப்பினால் செலவு வீண். மழை தொடங்கித் தளிர்விடும்போதே இந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சி முட்டையிட்டுவிடும். புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வளர்ந்த புழு இலை விளிம்பை வெட்டி மடித்து, நூலால் ஒட்டி உள்ளே பதுங்கிக்கொள்ளும். அந்த மடிப்புக்குள் மருந்து போகாது, பெரிய புழுவுக்கு அளவும் கூடுதலாக வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் நஞ்சைச் சிதைக்கும், மழை கழுவிவிடும். அதனால் மழை இல்லாத மாலையில், ஒட்டுத் திரவம் கலந்து தெளிக்கிறேன். அடுத்த கூட்டம் அந்து பறந்து வந்தால் மறுபடி தெளிக்கத்தான் வேண்டும். விசைத்தெளிப்பான் இளமரங்களுக்குச் சரி, வளர்ந்த மரத்தின் உச்சிக்கு எட்டாது. கனடாவின் ஊசியிலைக் காடுகளில் இதையே விமானத்திலிருந்து தெளிக்கிறார்கள்.

மாறியபின் எனக்குப் பெரிய நிறைவு, புழுவைத் தேடிவரும் குளவிகளும் பறவைகளும் தோட்டத்தில் தங்குவது. ஆனால் வண்ணத்துப்பூச்சிகளின் புழுவும் இதைத் தின்றால் சாகும்; ஓடைக்கரைச் செடிகளை அதற்காகவே விட்டுவிடுகிறேன். இந்தப் பாக்டீரியாவை 1901இல் ஜப்பானில் இஷிவாதா என்ற ஆய்வாளர் கண்டதே நோயுற்ற பட்டுப்புழுவில்தான். பக்கத்தில் மல்பெரி வளர்க்கிறார்கள் என்றால், காற்று அந்தப் பக்கம் அடிக்கும்போது தெளிப்பானைத் தொடவே கூடாது.