ஐந்தாவது ஸ்லைடுக்காகவே வாங்கலாம்

நோயியல் மாணவர்களுக்குத் திசுவில் நாடாப்புழுவை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க, 12 ஸ்லைடுகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

பெட்டியின் உயிரே ஐந்தாவது ஸ்லைடுதான். பன்றி நாடாப்புழுவின் சிஸ்டிசெர்கஸ், அதாவது பை வடிவ இளம்புழு, தசையோடு சேர்த்து வெட்டியது, ஹீமாடாக்ஸிலின்-ஈயோசின் சாயம். 4 மடங்கு லென்ஸிலேயே பைக்குள் மடங்கிக் கிடக்கும் தலை தெரிகிறது. ஒரே வெட்டில் உறிஞ்சியும் கொக்கிகளும் சிக்கியிருக்கின்றன. 40-க்குப் போனால் புழுவின் உடலிலேயே இருக்கும் சுண்ணத் துகள்கள்: நீலம் கலந்த ஊதாவில், உருண்டையாக, சிலவற்றில் அடுக்கடுக்கான வளையங்களோடு. முதல்முறை பார்க்கும் மாணவர்கள் இதை நோயாளியின் திசுவில் படிந்த கால்சியம் என்றே சொல்வார்கள். அப்போது நான் இரண்டு கேள்வி கேட்பேன். உடற்குழி இருக்கிறதா? குடல் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் உருளைப்புழு. குடல் மட்டும் இருந்தால் ட்ரெமடோட், அதாவது கல்லீரல் புழு போன்ற இலை வடிவப் புழு. இரண்டும் இல்லாமல், தளர்வான திசுவில் இந்தத் துகள்கள் சிதறிக் கிடந்தால் நாடாப்புழு. அமிலத்தில் ஊறிய திசுவில் துகள்கள் கரைந்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவேன். துகள் காணோம் என்பதற்காக நாடாப்புழுவே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

ஹைடாடிட் கட்டி, அதாவது எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் இளம்புழு உண்டாக்கும் நீர்க்கட்டி: அந்த ஸ்லைடு பரவாயில்லை. செல்களே இல்லாத அடுக்குப் படலம் ஓரிடத்தில் மடிந்துவிட்டது. கொக்கிகள் சாயம் பிடிக்காமல் ஒளிந்திருக்கின்றன; மைக்ராஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கினால் பளிச்சென்று தெரியும். இதற்கு பாஸ் (PAS, சர்க்கரைப் பொருள்களைச் சிவப்பாக்கும்) சாயம் போட்ட ஸ்லைடு ஒன்று கட்டாயம் தந்திருக்க வேண்டும். அந்தப் படலம் அதில் அடர் சிவப்பாக எழுந்து நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பெரிய குறை லேபிளில். கார்மைன் சாயம் போட்ட, முட்டை நிறைந்த முதிர்ந்த கண்டம் (புழு உடலின் ஒரு துண்டு) ஒன்றில் மாட்டு நாடாப்புழு என்று ஒட்டியிருந்தார்கள். கருப்பையின் நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கம் பிரியும் கிளைகளை எண்ணினேன்: ஒன்பது. மறுபக்கமும் ஒன்பது. மாட்டு நாடாப்புழுவில் பொதுவாக ஒரு பக்கத்துக்கு 15-க்கு மேல் இருக்கும். 7 முதல் 13 வரை என்றால் பன்றி நாடாப்புழு. கற்றுக்கொடுக்கும் ஸ்லைடில் இந்தத் தவறு எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. எழுதிக் கேட்டதும் சரியான கண்டத்தை அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் 18 கிளைகள்.

வாங்குபவர்கள் கண்டங்களை முதல் நாளே எண்ணிப் பார்த்துவிடுங்கள். அப்புறம், ஸ்பார்கானம் (ஸ்பைரோமெட்ரா நாடாப்புழுவின் இளம்புழு) இந்தப் பெட்டியில் இல்லை. அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.