குளிர்காலப் பராமரிப்புக்கு ஃப்ளை தூண்டில் கருவிகளைக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஸ்காட்லாந்தில் பழுப்பு டிரவுட் மீன் பிடிக்கும் பருவம் அக்டோபர் 6ஆம் தேதியோடு முடிகிறது. மறுபடி தொடங்குவது மார்ச் 15ஆம் தேதிதான். இடையிலுள்ள ஐந்து மாதங்களைக் குறிவைத்து, கம்பு, ரீல், லைன், நீர்புகாக் காற்சட்டை எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் பிரித்துத் துடைத்துப் பழுது நீக்கிப் பருவத்துக்கு முன் புதிதுபோல் திருப்பித் தருகிறோம் என்ற விளம்பரங்கள் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் வரத் தொடங்கும். அப்படி ஒரு நிறுவனத்திடம் சென்ற குளிர்காலத்தில் 118 பவுண்டு கட்டி என் கருவிகளை ஒப்படைத்தேன். திரும்பி வந்தவற்றில் ஒன்று என்னுடையதே அன்று, ஒன்றில் ஒரு பாகம் காணவில்லை, மற்றொன்று கொடுத்ததைவிட மோசமாக வந்தது. வங்கியில் முறையீடு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. பெயரைவிட, இந்தப் பராமரிப்பில் ஏமாற்று எங்கெங்கே நுழைகிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில் லைனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இழப்பு அதிகம் அதில்தான். ஆதாரம் தெளிவாக இருப்பதும் அதில்தான். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ எடையாக நின்று நரம்பை இழுத்துச் செல்லும். ஃப்ளை தூண்டிலில் முள்ளில் கட்டிய இறகுப்பூச்சிக்கு எடையே கிடையாது. வீசப்படுவது பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த லைன்தான். ஆகவே கம்புக்குப் பொருந்தும் எடையில் லைன் இருக்க வேண்டும் என்பதற்காக எண் முறை ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. லைனின் முன்பகுதியில் முதல் 30 அடி, அதாவது ஏறத்தாழ 9.1 மீட்டர், 140 கிரெய்ன் (ஒரு சிறு எடை அலகு) இருந்தால் அது 5ஆம் எண். 120 கிரெய்ன் இருந்தால் 4ஆம் எண். கிராமில் சொன்னால் முன்னது சுமார் 9.1, பின்னது சுமார் 7.8.

நான் கொடுத்தது ஒரே பருவம் பயன்படுத்திய, 5ஆம் எண் மிதவை லைன், அதாவது நீரில் மிதக்கும் லைன். அதன் முன்முனைக்கு அருகே தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. வீட்டுக் காப்பீட்டுக்காக என் கருவிகளையெல்லாம் படம் எடுத்து வைத்திருந்ததால் அந்த அச்சு படத்திலும் தெளிவாகத் தெரிகிறது. திரும்பி வந்த லைன் கிட்டத்தட்ட அதே வெளிர்பச்சை நிறம்தான். ரீலில் சுற்றியபடி பார்த்தால் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் முனையில் இருந்த வளையம் வெட்டப்பட்டுக் கையால் கட்டிய முடிச்சு ஒன்று இருந்தது, அச்செழுத்தைக் காணவில்லை. நகை எடை பார்க்கும் சிறு மின்தராசில் முதல் 30 அடியைச் சுருட்டி வைத்துப் பார்த்தபோது 8 கிராமுக்குக் கீழேதான் காட்டியது, அதாவது 4ஆம் எண்ணின் எடை. இப்போதைய லைன்களைத் தயாரிப்பாளர்கள் குறித்த எண்ணைவிடச் சற்றுக் கனமாகச் செய்வது வழக்கமே தவிர, இவ்வளவு குறைத்துச் செய்வதை நான் கண்டதில்லை.

இதைக் கேட்டபோது நிறுவனம் சொன்ன பதிலைக் கவனியுங்கள், ஏனெனில் இதே பதில் உங்களுக்கும் சொல்லப்படலாம். முனை விரிசல் விட்டிருந்ததால் சில அடிகளை வெட்டினோம், அதனால்தான் எடை குறைந்தது என்றார்கள். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இந்த விளக்கம் தலைகீழானது. முன் கனத்த வகை லைனில் முனை மெலிதாகத் தொடங்கிப் பின்னோக்கிப் போகப் போகத் தடிக்கும்; மெல்லிய முனையை வெட்டினால், முதல் 30 அடிக்குள் தடித்த பகுதி கூடுதலாக வந்து சேரும், எடை கூடுமே தவிரக் குறையாது. வேண்டுமென்றே மாற்றினார்களா, மேசைமீது இருந்த வேறொருவர் லைனோடு கலந்துவிட்டார்களா என்பதை நான் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் வெட்டியதால் எடை குறைந்தது என்று, லைன்களோடு நாள்தோறும் புழங்கும் ஒருவர் அறியாமல் சொல்லியிருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

ரீல், ஆல்னிக் நகரத்து ஹார்டி நிறுவனத்தின் பழைய லைட்வெயிட் வகை. இந்த வகை ரீல்களுக்குள் இரண்டு தடைப் பற்கள் இருக்கும். ஒன்று பல்சக்கரத்தில் பதிந்து ‘கிர்ர்’ என்று ஒலியெழுப்பி லைன் தாறுமாறாக ஓடாமல் பிடிக்கும், மற்றொன்று ஒதுங்கி நிற்கும். முதலாவது தேய்ந்தால் இரண்டாவதைப் பயன்படுத்தலாம். இதற்கான குளிர்காலப் பராமரிப்பு எளிது. சுருளை, அதாவது லைன் சுற்றியிருக்கும் உருளையைக் கழற்றி, மணலும் கருத்த பழைய கிரீஸும் சேர்ந்த கசடைத் துணியாலும் பஞ்சுக் குச்சியாலும் முழுதும் துடைத்து எடுக்க வேண்டும். சுருள் சுழலும் அச்சில் பட்டாணியளவுகூட வேண்டாம், நகத்தளவு புது கிரீஸைத் தடவி, பல் திரும்பும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். எனக்குத் திரும்பி வந்த ரீலின் வெளிப்புறம் பளபளவென்று மின்னியது. சுருளைக் கழற்றியதும் மண்ணெண்ணெய் வாடை வந்தது. பழைய கிரீஸை எடுக்காமல் அதன் மேலேயே துரு நீக்கும் எண்ணெயைப் பீய்ச்சியிருந்தார்கள். அது கிரீஸைக் கரைத்து, போன ஆண்டின் ஆற்றுமணலை ஒரு கருங்குழம்பாக்கி அச்சின் அடிவரை இறக்கியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. ஒதுங்கி நிற்க வேண்டிய இரண்டாவது பல்லைக் காணவில்லை. அது இருந்த முளை மட்டும் வெறுமையாக நின்றது, தேய்ந்த பல் தேய்ந்தபடியே இருந்தது. பழைய ஹார்டி ரீல்களின் உதிரிபாகங்களுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. தவிர, பெட்ரோலிய எண்ணெய் லைனின் பூச்சில் பட்டால் பூச்சு கெடும். ரீலுக்குள் பீய்ச்சுவதில் அந்தக் கேடும் உண்டு.

வேடர்ஸ் எனப்படும் மார்புவரை நீளும் நீர்புகாக் காற்சட்டையில் தொடைத் தையலருகே கசிவு இருந்தது. வியர்வை ஆவியை வெளியேவிடும் ‘மூச்சுவிடும்’ சவ்வுத்துணி என்பதால் ஊசித்துளையைக் கண்டுபிடிப்பது கடினமன்று. உட்புறத்தை வெளியே திருப்பி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால், கோர்-டெக்ஸ் போன்ற துணியில் துளையுள்ள இடம் கருத்த புள்ளியாகத் தெரியும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, காய்ந்த பின்னும் ரப்பர்போல் வளையும் யூரித்தேன் பசையை உட்புறத்தில் மெல்லப் பூசி, குறைந்தது ஓர் இரவு ஆறவிட வேண்டும். எனக்குச் செய்யப்பட்டதோ வெளிப்புறத்தில் ஒரு துணித்துண்டை வைத்து, உடனே இறுகும் பசையால் ஒட்டியது. அவ்வகைப் பசை கண்ணாடிபோல் இறுகிப்போகும். நடக்கும்போது மடங்கும் இடத்தில் அது நிற்காது. எர்ன் ஆற்றில் மார்ச் நடுவில் முழங்காலுக்கு மேல் இறங்கிய சற்று நேரத்திலேயே ஒட்டு வெடித்து, பனி உருகி வந்த தண்ணீர் உள்ளே இறங்கியது. போதாக்குறைக்கு, ஈரம் உலராமலேயே மடித்து நெகிழிப்பையில் கட்டிக் கொடுத்திருந்ததால் உட்புறம் முழுதும் பூஞ்சண வாடை. ஆற்றுக்கு ஆறு நோயும் அயல் உயிரிகளும் பரவாதிருக்க ‘பார், கழுவு, உலர்த்து’ என்று பிரிட்டனில் 2011 முதல் பிரசாரம் நடக்கிறது. பல பேருடைய காற்சட்டைகள் வந்துபோகும் ஒரு பட்டறை அந்த மூன்றில் கடைசியைக்கூடச் செய்யாதது எனக்கு மிகுந்த எரிச்சலை ஊட்டியது.

கம்பைப் பற்றிப் பெரிதாகப் புகார் இல்லை. கார்க் கைப்பிடியில் தேவையில்லாமல் வார்னிஷ் அடித்திருந்தார்கள், நனைந்தால் வழுக்குகிறது. லைன் ஓடும் வளையங்களில் சொரசொரப்பு இருக்கிறதா என்று ஒரு துணுக்குப் பஞ்சை உள்ளே இழுத்துப் பார்த்தாலே தெரியும். முனை வளையத்தில் பஞ்சு சிக்கியது, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ரசீதில் மட்டும் ‘வளையங்கள் சரிபார்க்கப்பட்டன’ என்று இருந்தது.

குறைகளைப் படங்களோடு எழுதி அனுப்பியபோது, முதலில் பயன்பாட்டுத் தேய்மானம் என்றார்கள், பிறகு பொருளைப் பெற்றுக்கொண்ட 14 நாளுக்குள் சொல்லாவிட்டால் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருப்பதைச் சுட்டினார்கள், கடைசியில் பாதிக் கட்டணத்துக்கு அவர்கள் கடையிலேயே செலவழிக்கத்தக்க கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். பருவம் திறக்கும் முன்பு பிப்ரவரியில் பொருளைக் கொடுத்துவிட்டு 14 நாள் கெடு வைப்பதில் உள்ள சாமர்த்தியத்தைப் பாருங்கள்: தண்ணீரில் இறங்கிப் பார்க்கும் முன்பே கெடு தீர்ந்துவிடும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். அப்படிச் செய்யப்படாவிட்டால் இலவசமாகத் திரும்பச் செய்யக் கேட்கலாம், அது இயலாதபோது கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம். அந்தப் பொறுப்பை ரசீதின் பின்புறத்து வாசகம் எதுவும் விலக்கிவிட முடியாது.

நான் கட்டணத்தைக் கடன் அட்டையில் செலுத்தியிருந்தேன். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள கொள்முதலில் கடன் அட்டை நிறுவனத்தையும் விற்றவரோடு சமமாகப் பொறுப்பாக்குகிறது. கம்புக்கு ஒன்று, ரீலுக்கு ஒன்று என்று கட்டணத்தைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 100 பவுண்டுக்குள் முடிந்துவிட்டால் இந்த வழி அடைபடும் என்பதை நினைவில் வையுங்கள். டெபிட் அட்டையில் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுதல், கேட்கலாம், ஆனால் அது அட்டை நிறுவனங்களின் விதியே தவிரச் சட்டம் தரும் உரிமையன்று. வங்கி மறுத்தால் நிதிக் குறைதீர்ப்பு அலுவலரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நேராக வழக்குத் தொடுக்க விரும்புவோருக்கு, ஸ்காட்லாந்தில் 5,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளை ஷெரிஃப் நீதிமன்றத்தில் ‘சிம்பிள் புரொசீஜர்’ முறையில் வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுசெல்ல முடியும்.

அடுத்த அக்டோபரில் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், லைனைக் கொடுக்கவே வேண்டாம் என்பேன். வெதுவெதுப்பான நீரில் சில துளி மிதமான சோப்பைக் கலந்து, ஊறவைத்த மென்துணி வழியாக லைனை இழுத்து, நல்ல நீரில் அலசி, காய்ந்ததும் பெரிய தளர்ந்த சுருள்களாகக் குளிர்ந்த இருட்டான இடத்தில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. ரீலிலேயே இறுக்கிச் சுற்றி வைத்தால்தான் அது அந்த வளைவிலேயே படிந்து, பிரித்த பிறகும் சுருள் சுருளாக நிற்கும். கொடுத்தே தீர வேண்டிய பொருள்களை, உட்புறத்தோடும் வரிசை எண்ணோடும் படமெடுத்து, உதிரிப் பல் உட்பட என்னென்ன இருக்கின்றன என்பதைப் பெற்றுக்கொள்பவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ‘முழுப் பராமரிப்பு’ என்ற ஒற்றை வரி ரசீதை ஏற்காதீர்கள். திருப்பி வாங்கும்போது கடை மேசையிலேயே சுருளைக் கழற்றிப் பாருங்கள். நேர்மையான பழுதுபார்ப்பவர் எவரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். இதற்கு முன் ஸ்டிர்லிங்கில் என் ரீலைப் பார்த்துக்கொடுத்த முதியவர் அவராகவே கழற்றிக் காட்டித்தான் கொடுப்பார். அவர் ஓய்வுபெற்றுவிட்டதால்தான் நான் புது இடம் தேட நேர்ந்தது.

வங்கி இதுவரை 118 பவுண்டைத் திருப்பித் தந்திருக்கிறது. லைனுக்கும் காணாமற்போன பல்லுக்கும் உரிய தொகை பரிசீலனையில் உள்ளது. என்னிடம் இருக்கும் 4ஆம் எண் லைன் வேறொரு வாடிக்கையாளருடையதாக இருக்க வாய்ப்பிருப்பதால் அதைத் தொடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில் சென்ற குளிர்காலத்தில் வெளிர்பச்சை 4ஆம் எண் மிதவை லைனைப் பராமரிப்புக்குக் கொடுத்தவர் யாரேனும் இதைப் படித்தால், உங்களுக்குத் திரும்பி வந்த லைனின் முதல் 30 அடியை எடைபோட்டுப் பாருங்கள். 9 கிராமைத் தொட்டால் எனக்கு எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.